ரவுண்டானாவில் தடம் மாறினால் யார் பொறுப்பு?

பல சாலைகள் கூடும் இடத்தின் நடுவே வட்டத் திட்டு ஒன்றை அமைத்து, வாகனங்கள் யாவும் அதனை ஒரே திசையில் சுற்றிச் சென்று தத்தம் சாலையில் பிரியுமாறு செய்யும் சந்திப்பே ரவுண்டானா எனப்படுகிறது. இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்வதால் இந்தச் சுற்று கடிகார முள் சுழலும் திசையில் அமைகிறது. சாதாரண நாற்சந்தியில் இரு வாகனங்களின் பாதைகள் குறுக்கிடவோ இணையவோ பிரியவோ கூடிய மோதல் புள்ளிகள் 32 எனவும், ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை எட்டு மட்டுமே எனவும் போக்குவரத்துப் பொறியியல் கணக்கிடுகிறது. சிக்னல் இருந்த சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றும்போது உயிரிழப்பையும் படுகாயத்தையும் விளைவிக்கும் விபத்துகள் 78 சதவீதம் குறைவதாக அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் கூறுகிறது; இதற்கு மோதல் புள்ளிகளின் இந்தக் குறைவோடு, வளைவு தானாகவே வேகத்தைத் தணிப்பதும் காரணம். ஆயினும் வட்டத்துக்குள் இரண்டு தடங்கள் வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி சாலையின் அமைப்பிலிருந்து ஓட்டுநரின் முடிவுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. கோவை லாலி ரோடு சந்திப்பைப் போலச் சிக்னல்களை அகற்றி ரவுண்டானா அமைக்கும் போக்கு தமிழ்நாட்டு நகரங்களில் வளர்ந்துவரும் இக்காலத்தில், எந்தத் தடத்தில் நுழைவது என்பதை ஓட்டுநர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

தடம் என்பது ஒரு வாகனம் செல்லும் அகலத்துக்குச் சாலையில் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட பகுதி. இரு தட ரவுண்டானாவில் நடுத்திட்டை ஒட்டியிருப்பது உள்தடம், சாலையின் வெளிவிளிம்பை ஒட்டியிருப்பது வெளித்தடம். முதல் பிரிவிலேயே இடப்பக்கம் திரும்ப வேண்டியவர், சந்திப்பை அடைவதற்கு முன்பே இடது தடத்துக்கு வந்து, இடது இண்டிகேட்டரை இட்டு, வெளித்தடத்திலேயே சென்று வெளியேற வேண்டும். வலப்பக்கம் திரும்புபவரும் வந்த வழியே திரும்பிச் செல்ல விரும்புபவரும் வலது தடத்தில் அணுகி, வலது இண்டிகேட்டருடன் உள்தடத்தில் நுழைய வேண்டும். நேராகச் செல்பவர், அம்புக்குறிகள் வேறாகக் காட்டாத வரை, இடது தடத்தைத் தேர்வதே பாதுகாப்பானது. தரையில் வரையப்பட்ட அம்புக்குறியும் சந்திப்புக்கு முன்னுள்ள பலகையும் இந்தப் பொதுவிதிக்கு மாறான வழியைக் காட்டினால், அங்கே அவற்றையே பின்பற்ற வேண்டும்.

இம்முறையில் மிகுந்த ஆபத்து நுழைவில் இல்லை. உள்தடத்திலிருந்து வெளியேறும் சில நொடிகளில்தான் உள்ளது. இந்திய வாகனங்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், உள்தடத்தில் செல்லும் கார் ஓட்டுநருக்கு மிகக் குறைவாகத் தெரியும் பகுதி, தமது இடப்பக்கப் பின்கதவை ஒட்டிய இடமாகும். பக்கக் கண்ணாடியிலும் தெரியாத இத்தகைய பகுதியைப் பார்வை மறைவிடம் என்பர். அவர் வெளியேற வேண்டிய சாலையும் அதே இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே, தாம் திரும்ப வேண்டிய பிரிவைக் கடைசி நேரத்தில் கண்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும் ஓட்டுநர், அந்த மறைவிடத்தில் வெளித்தடத்தின் வழியே முறையாக வந்துகொண்டிருக்கும் இருசக்கர வாகனத்தின் முன்சக்கரத்துக்குக் குறுக்கே தமது காரின் இடப்பக்கத்தை நிறுத்திவிடுகிறார். இதனைத் தவிர்க்கும் முறை எளியது: வெளியேற வேண்டிய பிரிவுக்கு முந்தைய பிரிவைக் கடந்தவுடன் இடது இண்டிகேட்டரை இட்டு, இடது கண்ணாடியைப் பார்த்து, தலையைத் திருப்பியும் ஒருமுறை பார்த்து, இடைவெளி இருந்தால் மட்டுமே வெளித்தடத்துக்கு வந்து வெளியேறுதல்; இல்லையெனில் இன்னொரு சுற்றுச் சுற்றி வருதல். இன்னொரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது என்ற நிலையில், வட்டத்துக்குள் வண்டியை நிறுத்துவதற்கோ பின்னோக்கி எடுப்பதற்கோ எவ்வித நியாயமும் இல்லை.

இருசக்கர வாகன ஓட்டிகள் எங்கே செல்வதானாலும் வெளிவிளிம்பை ஒட்டியே முழு வட்டத்தையும் சுற்றிவருவது தமிழ்நாட்டுச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் பழக்கம். விளிம்பே பாதுகாப்பு என்ற எண்ணத்தில் தோன்றிய இந்தப் பழக்கம், ஒவ்வொரு பிரிவிலும் வெளியேறும் வாகனங்களின் குறுக்கே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதனினும் கொடியது, வலப்பக்கச் சாலைக்குச் சுற்றிச் செல்ல மனமின்றி எதிர்த்திசையில் புகுந்து செல்லும் வழக்கம். பேருந்து, லாரி போன்ற நீண்ட வாகனங்கள் இடப்பக்கம் திரும்பி வெளியேறும்போது அவற்றின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் வளைவின் உட்பக்கமாக ஒதுங்கி வருவதால், அவற்றுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள சந்தில் வண்டியை நுழைப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

யார் முதலில் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் வழியுரிமை, அதாவது ஒரு வாகனத்துக்காக மற்றது காத்திருக்க வேண்டிய சட்டக் கடமை, ரவுண்டானாவின் உயிர்நாடி. பிரிட்டனில் முன்பு இதற்குப் பொதுவான விதி இல்லாததால், நுழையும் வாகனங்கள் சுற்றும் வாகனங்களை மறித்து வட்டமே அசையாமல் பூட்டிக்கொண்டது. பிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளரின் ஆய்வுகளைத் தொடர்ந்து, வட்டத்துக்குள் வலப்பக்கமிருந்து வரும் வாகனங்களுக்கு வழிவிட வேண்டும் என்ற விதி 1966 நவம்பரில் அங்கே நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பின்னரே அந்த நெரிசல் தீர்ந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே உள்ள வாகனத்துக்கே வழியுரிமை என்று கூறுகின்றன. ஹாரனை அழுத்தியபடி நுழைவதோ, வாகனத்தின் பருமனைக் காட்டி அச்சுறுத்துவதோ இந்த உரிமையை மாற்றிவிடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177அ பிரிவு, ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்பட்டு, 184ஆம் பிரிவின்கீழ்ச் சிறைத்தண்டனைக்கும் இட்டுச்செல்லக்கூடும்.

அபராதத்தைவிடப் பன்மடங்கு பெரிய விளைவு ஒன்றைப் பலரும் அறிவதில்லை. விபத்தில் காயமுற்றவரோ இறந்தவரின் குடும்பத்தாரோ 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும்போது, விபத்துக்குப் பாதிக்கப்பட்டவரின் தவறும் எந்த அளவுக்குக் காரணம் என்பது ஆராயப்படுகிறது. இதனைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்பர். இழப்பு பத்து லட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டு, பாதிக்கப்பட்டவரின் தவறு 30 சதவீதம் என முடிவானால், அவருக்குக் கிடைப்பது ஏழு லட்சமே. எந்தத் தடத்தில் வந்தார், இண்டிகேட்டர் இட்டாரா என்ற சிறு விவரங்கள் இவ்வாறு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்விகளாகிவிடுகின்றன. ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவருக்கு நிலை வேறு. இரு ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்து அவருக்குக் காயம் விளைவித்திருந்தால், அது கூட்டுக் கவனக்குறைவு எனப்படும். அந்நிலையில் அவர் இருவரில் எவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் கோரலாம் என்று கெனியெய் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. தவறு யாருடையது என்றே நிறுவ முடியாதவர்களுக்கு 164ஆம் பிரிவு, உயிரிழப்புக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் நிலையான தொகையாக வழங்க வகைசெய்கிறது.

ஆகவே விபத்து நேர்ந்த இடத்திலேயே சான்றுகளைக் காப்பது முக்கியம், எனினும் உயிரைக் காப்பதே முதற்கடமை. 108 ஆம்புலன்ஸை அழைப்பவருக்கும் காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கும் 134அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. 2025ஆம் ஆண்டு நடுவணரசு அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கான சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். காயமுற்றவருக்கு உதவி கிடைத்தபின், வாகனங்களை நகர்த்துவதற்கு முன்பே அவை நின்ற நிலையையும், டயர் தேய்ந்த தடங்களையும், தரைக்கோடுகளையும், எந்த வாகனத்தின் எந்தப் பக்கம் நசுங்கியது என்பதையும் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். காரின் இடப்பக்கக் கதவில் விழுந்த அடி, உள்தடத்திலிருந்து அது குறுக்கே வந்தது என்ற வாதத்துக்கு வலுச்சேர்க்கும். காவல்துறை விபத்து இடத்தைப் பார்வையிட்டு எழுதும் பார்வை மகஜர் என்ற அறிக்கையும் மாதிரி வரைபடமும் தீர்ப்பாயத்தில் பெரிதும் மதிக்கப்படுவதால், அவற்றில் இரு தடங்களும் வாகனங்கள் மோதிய இடமும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பாதிக்கப்பட்டோர் பார்த்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவுகள் விரைவில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியிடம் உடனடியாக எழுத்து மூலம் கோருவது நல்லது. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல்செய்ய வேண்டும் என்று 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் கால வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருப்பினும், அவ்வழக்கை நம்பிக் காத்திருத்தல் தகாது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம்.

ஓட்டுநர்களை மட்டுமே குறைகூறுவது நேர்மையாகாது. கோடுகள் அழிந்து, அம்புக்குறிகள் மங்கி, வழிவிடக் கோரும் தலைகீழ் முக்கோணப் பலகை விளம்பரத் தட்டிக்குப் பின்னால் மறைந்துபோன ரவுண்டானாவில், சரியான தடத்தைத் தேர்ந்தெடுக்குமாறு எவரையும் கேட்க முடியாது. ரவுண்டானாவின் வடிவமைப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1976இல் வகுத்து 2017இல் திருத்திய தனி வழிகாட்டி நெறிகள் உள்ளன. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ வகுக்கப்பட்ட தரத்தைக் காக்கத் தவறியதால் எவரேனும் உயிரிழந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகார அமைப்பு அல்லது ஒப்பந்ததாரர்மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 198அ பிரிவு வழிசெய்கிறது. எனவே அழிந்த கோடுகளைப் படமெடுத்து, அச்சாலைக்குப் பொறுப்பான நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ மனு அளித்தும், முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100இல் புகாரைப் பதிவுசெய்தும், ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைப்பது அப்பகுதிவாசிகளால் எளிதில் இயலும் செயல். மனு நிலுவையில் இருக்கும்போது அங்கே விபத்து நேர்ந்தால், குறைபாடு அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அச்சீட்டே சான்றாக நிற்கும்.