வலிக்கு ஒரு வாசல் உண்டு

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில், சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் ஓயாது. அங்கே ஒரு சிற்பியின் இடது கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சுத்தியல் விழும்போதெல்லாம் அதிர்வு உளி வழியே விரல்களில் ஏறுகிறது. அவர் கவனமோ கையில் இல்லை; கல் எங்கே தெறிக்கும், எங்கே வழிவிடும் என்பதில் இருக்கிறது. மாலையில் வேலையை நிறுத்தி உட்கார்ந்த பிறகுதான் தோள் குடையத் தொடங்குகிறது. பகலெல்லாம் இருந்ததும் அதே தோள்தான். அப்போது ஏன் அது தெரியவில்லை?

உடலிலிருந்து வரும் எல்லாச் செய்தியையும் மூளை ஏற்பதில்லை. சலித்துத்தான் எடுக்கிறது. கையை அசைக்கச் சொல்லித் தசைக்கு உத்தரவு போகும்போதே, அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே சிறுமூளைக்கும் போகிறது. 'இந்த அசைவால் இன்ன உணர்வு வரும்' என்று சிறுமூளை முன்கூட்டியே கணிக்கிறது. கணித்தபடியே வந்த உணர்வு மங்கிவிடும். எதிர்பாராதது பளிச்சென்று தெரியும்.

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம். சாரா-ஜேன் பிளேக்மோரும் அவருடைய சகாக்களும் 1998-இல் லண்டனில் மூளையைப் படமெடுத்து இதை ஆராய்ந்தார்கள். 2003-இல் இன்னொரு சோதனை நடந்தது. இரண்டு பேர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். வாங்கிய அளவே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் சுற்றுக்குச் சுற்று அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தான் கொடுத்த அழுத்தம் அவரவருக்குக் குறைவாகவே தெரிந்தது. 'நான் மெதுவாத்தான் அடிச்சேன், அவன்தான் ஓங்கி அடிச்சான்' என்று இரண்டு பிள்ளைகளும் சொன்னால், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

தண்டுவடத்தில் ஒரு கதவு

வலிக்கும் இப்படியொரு தணிக்கை உண்டு. தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல வலிச் செய்தி கட்டுப்படுத்தப்படுகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் எழுதினார்கள். தொடுவுணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் கதவைச் சாத்தப் பார்க்கும். வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் திறக்கப் பார்க்கும். முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்ப்பது இதனால்தான். மேலிருந்து மூளையும் உத்தரவு அனுப்பிக் கதவை இறுக்கவோ தளர்த்தவோ செய்கிறது. இந்தக் கருத்தின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. அடிப்படை இன்றும் நிற்கிறது.

திருமணியில் கற்ற பாடம்

கதவுவரை செய்தியே வராவிட்டால் என்ன ஆகும்? அதற்கு விடை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருக்கிறது. இன்றைய மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், முன்பு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது. கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், 1947-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி சுரீரென்று ஏறியது. கையில் வலு இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வுதான் இல்லை.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அப்போது நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்தையும் பின்தொடர்ந்தார். அவரால் திருக முடியாத ஒரு பூட்டை ஒரு சிறுவன் திறந்து கொடுத்தான். அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை. விரல்களைத் தின்றது, வலி இல்லாததால் கவனிக்காமல் விட்ட காயங்கள்தான்.

கதவு திறந்தே கிடந்தால்

நாள்பட்ட வலி இதற்கு நேர்மாறு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் அப்படி அழைக்கிறார்கள். பலருக்குப் பட்ட காயம் ஆறியிருக்கும். தண்டுவட நரம்பணுக்களோ கூருணர்ச்சியிலேயே இருக்கும். மெல்லத் தொட்டாலும் வலிக்கலாம். 'குனிந்தால் வலிக்கும்' என்ற பயமும் சேர்ந்து கதவை அகலத் திறக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அந்த வலி பொய்யாகிவிடாது. வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்றால் நம்புங்கள்.

இதில் அசைவு மருந்தாகிறது. இடுப்புவலிக்காரர் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் பயம்தான் வளரும். வலி அதிகம் கிளறாத அளவுக்குத் தினமும் நடந்து, நாளாக நாளாகக் கொஞ்சம் கூட்டினால், 'குனிவதும் நடப்பதும் ஆபத்தில்லை' என்று மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது. இதற்குப் பொறுமை வேண்டும். பிசியோதெரபிஸ்டின் துணை இருந்தால் இன்னும் நல்லது.

வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கால் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு போதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வலி இல்லாததையும் அலட்சியப்படுத்தாதீர்கள். தோலில் வெளிறி மரத்துப்போன தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். சர்க்கரை நோயுள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். நரம்பு சொல்லாமல் விட்டதைக் கண் சொல்லும்.