கோதுமை போனது, விசா போகவில்லை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் பரங்கிமலை. அங்குள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 2017 டிசம்பரில் ஆப்கன் பாதுகாப்புப் படைகளைச் சேர்ந்த சுமார் 20 பெண்கள் பயிற்சி பெற்றார்கள். அடுத்த ஆண்டும் ஒரு குழு வந்தது. காபூலுக்கு நாடாளுமன்றக் கட்டடம், ஹெராத்தில் சல்மா அணை என இந்தியா அள்ளிக்கொடுத்த காலம் அது.

2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபான் கைக்குப் போனது. அந்தப் பெண்கள் போட்டிருந்த சீருடையே அவர்களுக்கு வினையானது. பத்தே நாளில் டெல்லியும் ஒரு காரியம் செய்தது: இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் செல்லாது என்று அறிவித்தது. இங்கே படித்துக்கொண்டிருந்து, ஊருக்குப் போயிருந்த மாணவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

பொருளுதவி மட்டும் நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் அட்டாரி எல்லையிலிருந்து முதல் தொகுதி கோதுமை, ஆப்கன் லாரிகளில் பாகிஸ்தான் வழியாக ஜலாலாபாத் போனது. அறிவித்த மொத்த அளவு 50,000 டன். தாலிபானிடம் கொடுக்காமல் உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தது சரியான முடிவு. பசித்தவன் வாயில் அரசியல் பேசக்கூடாது. தாலிபான் ஆட்சியை முறைப்படி அங்கீகரிக்காமலேயே காபூலில் இந்தியத் தொழில்நுட்பக் குழுவை அமர்த்தியதும் தப்பில்லை. 2025 அக்டோபரில் அது தூதரகமாகவே உயர்ந்தது. அதை அறிவித்த அதே நாளில், டெல்லி வந்திருந்த தாலிபான் வெளியுறவு அமைச்சரின் செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர்களுக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அடுத்த சந்திப்பில் அவர்களை அழைத்தார்கள்.

கிண்டி சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்த ஓர் ஆப்கன் மாணவி, இங்கே வர முடியாமல், மசார்-இ-ஷரீஃபில் வீட்டுக்குள் முடங்கியபடியே 2023-ல் பட்டம் பெற்றார். அக்காவிடம் வாங்கிய பீக்கர்கள், வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு, இவைதான் அவருடைய ஆய்வகம். அதே ஆண்டு இந்தியா ஆப்கானியர்களுக்கு 1,000 இணையவழி உதவித்தொகை அறிவித்தது. விசாவே கொடுத்தாலும் பெண்கள் அங்கிருந்து கிளம்புவது லேசில்லை. 72 கிலோமீட்டருக்கு மேல் போக ஆண் துணை வேண்டும் என்பது தாலிபான் விதி. ஆகவே இணையவழி உதவித்தொகை இடங்களில் பாதியையாவது பெண்களுக்கென்று ஒதுக்கலாம். தூதரகமே திறந்தாகிவிட்டது, அண்ணன் தம்பியோடு எல்லை தாண்டி வருகிறவளுக்கு விசா தர இனி என்ன தயக்கம்?