பங்களாவும் லயமும்: ஏற்காட்டுத் தோட்டப் பின்புலத்தில் அண்மைக்காலப் புலம்பெயர் புதினங்களை வகைமைவழிப் பரிந்துரைத்தல்

ஆய்வுச்சுருக்கம்

புலம்பெயர் புதினங்களுக்கான வாசிப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் நாடு, மொழி, போர் ஆகிய அளவுகோல்களைக் கொண்டே அமைகின்றன. இவற்றால் தோட்டத் தொழிலுக்காக நிகழ்ந்த முந்தைய புலப்பெயர்வு பின்தள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்வழியினரின் பல்வகைப் புதினங்களும் விடுபடுகின்றன. இக்கட்டுரை வகைமையை அளவுகோலாகக் கொண்டு அண்மைக்காலப் புதினங்கள் சிலவற்றைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு வகைமையும் தோட்ட வாழ்வை ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்தே காண்கிறது. ஆதலால் புதினங்களைத் தனித்தனியாகப் பரிந்துரைப்பதினும் இணைகளாகப் பரிந்துரைப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: புலம்பெயர் புதினம், வகைமை, தோட்ட வாழ்வு, ஏற்காடு, சேர்வராயன் மலை, லயம், மலேசியத் தமிழர், மலையகத் தமிழர்.

முன்னுரை

‘புலம்பெயர்’ என்னும் சொல் பட்டினப்பாலையிலேயே பயின்றுவருகிறது. அங்கு அது பிற நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்திற்கு வந்து தங்கியோரைக் குறிக்கிறது. இன்றைய ஆய்வுலகில் அச்சொல் தமிழ் நிலத்தினின்று வெளியேறியோரைக் குறிக்கிறது; அவருள்ளும் 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் இலங்கையினின்று வெளியேறியோரையே முதலில் நினைவூட்டுகிறது. இக்குறுக்கத்திற்குக் காரணம் உண்டு. ஈழத்தவரின் புலம்பெயர் எழுத்து அளவாலும் ஆற்றலாலும் தமிழ்ப் புனைகதையின் போக்கையே மாற்றியது. ஆயினும், ஒரு கலைச்சொல் ஒரே நிகழ்வுக்கு உரியதாகிவிடின் பிற பெயர்வுகள் பாடத்திட்டத்திலும் ஆய்விலும் இடம்பெறாமற் போகும்.

இவ்விடுபாட்டின் விளைவைச் சேலம் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினின்று சமவெளிக் கல்லூரிக்குத் தமிழ் பயில வரும் மாணவர், புலம்பெயர் இலக்கியத்தைத் தமக்குத் தொடர்பற்ற பிறர் கதையாகக் கருத நேரிடுகிறது. அவர் வாழும் மலையும் அப்புதினங்கள் சில காட்டும் மலைகளும் ஒரே பொருளியல் வரலாற்றின் பகுதிகள் என்பதைப் பாடத்திட்டம் அவருக்கு உணர்த்த வேண்டும்.

ஏற்காடும் புலப்பெயர்வும்

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக விளங்கிய எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதே பதிற்றாண்டில்தான் இலங்கையின் கண்டிப் பகுதியிலும் வணிக நோக்கிலான காப்பித் தோட்டங்கள் தொடங்கின. ஒரே பயிர் இரு மலைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றியது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத்துரு நோய் அங்குக் காப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. சேர்வராயன் மலையில் காப்பி இன்றளவும் நிலைத்துள்ளது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகியவற்றுடன் சேலமும் ஒன்று. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் இம்மாவட்டமும் அடங்கும். ஆக, கடல் கடந்த தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டமும் தன் எல்லைக்குள்ளேயே தோட்டங்களைக் கொண்டிருந்த மாவட்டமும் ஒன்றே.

இம்மலை தோட்டங்களுக்கு முன் ஆளில்லா நிலமாகவும் இருக்கவில்லை. மலையாளிப் பழங்குடியினர் இங்கு வாழ்ந்துவருகின்றனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்து சென்றனர் என்றும் அவர்தம் வாய்மொழி மரபு கூறுகிறது. எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இம்மரபு இடம்பெற்றுள்ளது. எனவே ஏற்காட்டினின்று நோக்கும் வாசகர்க்குத் தோட்டம் என்பது மூன்று இடங்களால் ஆனது: துரையின் பங்களா, தொழிலாளரின் லயம், இவ்விரண்டுக்கும் முன்பிருந்த காடு. எப்புதினம் எவ்விடத்தில் நின்று பேசுகிறது என்பதே இனிவரும் பகுதிகளின் வினா.

பங்களாவினின்று: குடும்பப் புதினமும் மருத்துவரின் பார்வையும்

மலேசியாவில் பிறந்து பிரான்சில் வாழும் பிரீத்தா சமராசனின் ‘ஈவினிங் இஸ் தி ஹோல் டே’ (2008) ஈப்போ நகரின் செல்வத் தமிழ்க் குடும்பமொன்றின் கதை. இதன் தலைப்பு, குறுந்தொகை 234ஆம் பாடலுக்கு ஏ.கே. இராமானுசன் செய்த ஆங்கிலப் பெயர்ப்பினின்று பெறப்பட்டது. பிரிந்தோர்க்கு மாலைப்பொழுது விரிவதைக் கூறும் முல்லைப் பாடல், இங்கு ஒரு மாளிகைக்குள் அடைபட்ட மனிதர்களின் தனிமைக்குப் பெயராகிறது. தொல்லிலக்கிய ஆய்வாளர்க்கும் இப்புதினம் பயன்படுவதற்கு இதுவே காரணம். ஆயின் கதையின் அறச்சிக்கல், இரப்பர்த் தோட்டப் பின்னணியினின்று வந்த செல்லம் என்னும் பணிப்பெண் பழி சுமத்தப்பட்டு வெளியேற்றப்படுவதில் உள்ளது. மாளிகையின் கதையை மாளிகையே சொல்லும்போது லயத்துப் பெண்ணுக்குப் பேச்சு மறுக்கப்படுகிறது என்பதை இப்புதினம் தன் அமைப்பாலேயே காட்டுகிறது.

இவருடைய ‘டேல் ஆஃப் தி டிரீமர்ஸ் சன்’ (2022) ஏற்காட்டு வாசகர்க்கு இன்னும் நெருக்கமானது. மலேசிய மலைப்பகுதியில் முன்னர் ஸ்காட்லாந்துத் தேயிலைத் துரைக்கு உரியதாயிருந்த மாளிகை, எல்லாச் சமயமும் ஒன்றெனும் குழுவினரின் உறைவிடமாகிறது. 1969ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் நிழல் அதன்மீது படிகிறது. துரை போனபின் பங்களா என்னவாகிறது என்னும் வினா, பழைய தோட்ட மாளிகைகள் விடுதிகளாகவும் பிறவாகவும் மாறிய எல்லா மலைவாழிடங்களுக்கும் பொதுவானது.

ஆபிரகாம் வர்கீஸின் ‘தி கவனன்ட் ஆஃப் வாட்டர்’ (2023) 1900 முதல் 1977 வரை நீளும் வரலாற்றுப் புதினம். ஆசிரியர் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, எத்தியோப்பியாவில் வளர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் வாழ்பவர். சென்னையில் பணியாற்ற வரும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டிக்பி பின்னர் மலைத்தோட்ட உரிமையாளராகிறார். நோயையும் உடலையும் நுணுக்கமாக எழுதும் இப்புதினம், தோட்டத்தைப் பெரும்பாலும் உரிமையாளரின் மீட்சிக்குரிய இடமாகவே காண்கிறது. இதனுடன் பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969) புதினத்தின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ (2007, இரா. முருகவேள்) இணைத்து வாசிக்கத் தக்கது. டேனியலும் மருத்துவரே; ஆனைமலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். ஆனால் அவர் காணும் மலை, மேஸ்திரியின் முன்பணத்தில் சிக்கியோரின் மலை. இரு மருத்துவர்களும் ஒரே வகை நிலத்தை எழுதுகின்றனர். ஒருவர் பங்களாவின் தாழ்வாரத்திலும் மற்றவர் லயத்தின் வாயிலிலும் நிற்கின்றனர்.

லயத்தினின்று: நாட்டார் தொன்மம்

மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019) தோட்ட மக்களின் வாழ்வை அவர்தம் தெய்வத்தின் வழியாகச் சொல்கிறது. கெடா மாநிலத்தின் லுனாஸ் பகுதியில் 1981இல் நிகழ்ந்த நச்சுச் சாராய இறப்புகள் இதன் வரலாற்றுப் பின்புலம். மலேசிய உள்துறை அமைச்சு 2020இல் இந்நூலைத் தடை செய்தது. நடப்பியல் புதினம் இந்நிகழ்வைக் கூலி, குடி, வறுமை என்று விளக்கும். தொன்மப் புனைவோ, தமிழகத்தினின்று மக்களோடு பெயர்ந்து சென்ற தாய்த்தெய்வம் காக்கவும் கொல்லவும் வல்லதாய்த் தோட்டத்தில் நிலைகொள்வதைக் காட்டுகிறது. ஆவணங்களில் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சுவோர்க்கு அகவாழ்வைத் தருவதே இவ்வகைமையின் பயன்.

இதற்கு எதிரிணையாக, இலங்கையில் பிறந்து வட அமெரிக்காவில் எழுதும் எஸ்.ஜே. சிந்துவின் ‘ப்ளூ ஸ்கின்டு காட்ஸ்’ (2021) அமைகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் நீலநிற உடலோடு பிறந்த சிறுவன், தந்தையால் திருமாலின் பிறப்பாக முன்னிறுத்தப்படுகிறான். வளர்ச்சிப் புதின வடிவில் அமைந்த இக்கதை அவனை நியூயார்க் வரை கொண்டுசெல்கிறது. ‘பேய்ச்சி’யில் மக்களின் துயரம் தெய்வமாகிறது, இங்குத் தெய்வம் ஒரு குடும்பத்தின் வருவாய்க்கென ஆக்கப்படுகிறது. நாட்டார் வழக்காற்றியல் பயிலும் ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சமய ஏற்பின் இருவேறு வழிகளை விளக்கலாம்.

போர்ப் புதினத்துள் தோட்டம்

வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ (2023) யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவி சசியின் கூற்றாக 1980களின் போர்ச்சூழலை விவரிக்கிறது. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசும் இதற்குக் கிடைத்தன. அரசின் வன்முறையையும் இயக்கங்களின் வன்முறையையும் ஒருசேரக் கேள்விக்குட்படுத்தும் துணிவு இதன் சிறப்பு. கல்விவழி உயர்ந்த யாழ்ப்பாணக் குடும்பமே இதன் களம்.

சுவிட்சர்லாந்தில் வாழும் சயந்தனின் ‘ஆதிரை’ (2015) இக்களத்தை விரிக்கிறது. கலவரங்களால் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய தோட்ட மக்களின் தலைமுறைகள் இதில் இடம்பெறுகின்றன. சமவெளித் தமிழகத்தினின்று மலையகம், அங்கிருந்து வன்னி, வன்னியினின்று மீண்டும் போர்க்களம் என ஒரே குடிவழியினர் பலமுறை பெயர்க்கப்படுகின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கு உரியவர் என வகுத்ததை நினைவிற்கொண்டால், தாயகம் திரும்பியோராகத் தமிழக மலைகளுக்கு வந்தோரும் இவ்வன்னி மக்களும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள் என்பது புலனாகும். அதே 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தமிழகத்தினின்று இலங்கைத் தோட்டத்திற்குச் செல்லும் முதற்பெயர்வைச் சொல்வதால், ‘ஆதிரை’க்கு முன்பாக அதனை வாசிப்பது நன்று.

துப்பறி விறுவிறுப்பும் எதிர்காலப் புனைவும்

தமிழ் ஆய்வுலகம் எளிதில் ஒதுக்கும் வகைமை இது. இலண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சங்கரி சந்திரனின் படைப்பு வரிசை இவ்வொதுக்கலை மறுபரிசீலிக்கத் தூண்டுகிறது. அவருடைய குடும்பப் புதினமான ‘சாங் ஆஃப் தி சன் காட்’ 2017இல் கொழும்புப் பதிப்பகமான பெரேரா ஹுசைன் வழி வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘தி பேரியர்’ கொள்ளைநோய்க்குப் பிந்தைய எதிர்கால உலகில் இலங்கையைக் களமாகக் கொண்ட விறுவிறுப்புப் புதினம். பின்னர் எழுதிய ‘சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்’ (2022) 2023ஆம் ஆண்டின் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசைப் பெற்றது.

தேநீரையும் கறுவாத்தோட்டத்தையும் தலைப்பில் கொண்ட இந்நூல் சிட்னிப் புறநகரின் முதியோர் இல்லமொன்றில் நிகழ்கிறது. அதன் நாயகி மாயா, தன் பெயரில் எழுதியவை ஏற்கப்படாமையால் வெள்ளையர் பெயரொன்றைப் புனைந்து எழுதி வெற்றி பெறுகிறாள். தேயிலையின் மணம் விற்பனைக்கு உதவுகிறது; அதைப் பறித்தோரின் வரலாறு உதவுவதில்லை என்னும் முரணை இத்தலைப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். எவ்வகைமையில் எழுதினால் எழுத்தாளர் ஏற்கப்படுகிறார் என்பதும் புலம்பெயர் வாழ்வின் ஒரு கூறே.

எதிரும் எல்லையும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை தமிழ் இலக்கியமாகுமா என்னும் தடை எழக்கூடும். இங்கு அவை தமிழ்ப் புதினங்களாகப் பரிந்துரைக்கப்படவில்லை. தமிழ்ப் புதினங்களோடு ஒப்பிடத்தக்க இணைகளாகவே வைக்கப்பட்டுள்ளன. ஒப்பிலக்கியம் தமிழ்த்துறையின் ஏற்கப்பட்ட பகுதியாதலின் இதற்குப் புதிய இசைவு வேண்டுவதில்லை.

மற்றோர் எல்லை உண்மையானது. மேற்கண்ட புதினங்களுள் பங்களாவும் லயமும் பேசுகின்றன. தோட்டத்திற்கு முன்பிருந்த காட்டின் மக்கள் எதிலும் மையமாக அமையவில்லை. புலம்பெயர்ந்தோரின் இழப்பைக் கூறும் எழுத்து, அவர்கள் சென்று தங்கிய மலையின் முதற்குடிகள் இழந்ததைக் கூறத் தயங்குகிறது. ஏற்காட்டு வாசகர்க்கு இக்குறை உடனே தென்படும். ஆகவே கொல்லிமலை மலையாளிகளின் வாழ்வையும் போராட்டத்தையும் எழுதிய கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ இவ்வரிசையில் சேர்க்கப்பட வேண்டும். அது புலம்பெயர் புதினமன்று. எனினும் அப்புதினங்கள் விட்ட இடத்தை அதுவே நிரப்புகிறது.

முடிவுரை

ஒரு பருவத்திற்குரிய வாசிப்பாக இவற்றை அமைப்பின், ‘தூரத்துப் பச்சை’யில் தொடங்கி ‘ஆதிரை’, ‘பிரதர்லெஸ் நைட்’ ஆகியவற்றுக்குச் செல்லலாம். அடுத்து ‘எரியும் பனிக்காடு’, ‘தி கவனன்ட் ஆஃப் வாட்டர்’ இணையும், ‘பேய்ச்சி’, ‘ப்ளூ ஸ்கின்டு காட்ஸ்’ இணையும் அமையலாம். சமராசன், சந்திரன் ஆகியோரின் புதினங்கள் ஒவ்வொன்றையேனும் வாசித்தபின் ‘சங்கம்’ நிறைவாக வைக்கத்தக்கது. நேரம் குறைவாயின் மருத்துவர் இருவரின் இணையொன்றே போதும்; ஒரே மலையை இரு வாயில்களினின்று காணும் பயிற்சியை அது தரும்.

புலப்பெயர்வு கடலைக் கடப்பதில் மட்டும் தொடங்குவதில்லை. சேலத்துச் சமவெளியினின்று சேர்வராயன் மலைக்கு ஏறியோரும், அதே சமவெளியினின்று கண்டிக்கும் கெடாவுக்கும் கப்பலேறியோரும் ஒரே பஞ்சத்தின், ஒரே பயிர் வணிகத்தின் மக்கள். இவ்வுறவை மாணவர்க்குக் காட்டும் பட்டியலே பயனுடைய பரிந்துரையாகும். ஏற்காட்டுத் தோட்டங்களின் வாய்மொழிக் கதைகளை இப்புதினங்களோடு ஒப்பிடும் களஆய்வு அடுத்து மேற்கொள்ளத்தக்கது.