சாவச்சமும் கோழைமையும்: ஒரு சொற்பொருள் நோக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. சாவு இவற்றுள் தனியே இடம்பெறவில்லை. ஆயினும் இன்றைய வழக்கில் அச்சத்தொடர்கள் பல உயிரையே மையமாகக் கொண்டுள்ளன. இவற்றுள் உணர்வை உரைப்பனவும் பழிப்பை உரைப்பனவும் வெவ்வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளவேண்டும்.

'ஈரற்குலை நடுங்கியது', 'வயிற்றில் புளியைக் கரைத்தது', 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்' ஆகியவை அனுபவத்தை உரைப்பவை. இவற்றை ஒருவர் தம்மைப்பற்றியே நாணமின்றிக் கூறலாம். கோழை, பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி என்பனவோ பெரும்பாலும் பிறர் இடும் பெயர்கள். 'தொடை நடுங்கியது' என்பது ஒரு கணத்து நிகழ்வு. இகர விகுதி பெற்றுத் 'தொடைநடுங்கி' ஆனதும் அது நிலைத்த குணமாகிவிடுகிறது.

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வழங்குகின்றன. தமிழில் 'பேடி' என்பது பால்திரிபையும் கோழைமையையும் குறிக்கும். பழங்கன்னடப் பகரம் ஹகரமாகத் திரிந்ததால் அதன் இனச்சொல் கன்னடத்தில் 'ஹேடி' எனவாயிற்று. இன்று அது பெரும்பாலும் கோழை என்ற பொருளிலேயே வழங்குகிறது. எனவே 'ஹேடி'யைப் 'பேடி' எனப் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத பால்சார்ந்த இழிவு வந்து சேரும். 'கோழை' என்பதே பொருந்தும்.

சீனத்தின் கான்டனீசிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அம்மொழியில் துணிவின் இருப்பிடம் பித்தப்பை; கோழையைச் 'சிறு பித்தப்பையன்' என்பர். இதனைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நோயாளி என்ற எண்ணமே தோன்றும். 'உயிராசை, சாவச்சம்' என்னும் இரு கூறுகளை இணைத்த நாற்சொல் தொடரும் அங்குண்டு. அது பொதுச்சீன மரபுக்கும் உரியது, பழிப்புக்கே பயன்படுவது.

தங்கவயலில் 1880 முதல் நவீன முறையில் நடைபெற்ற சுரங்கப்பணி 2001இல் நின்றது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை வெடிப்பு அங்கு மெய்யான ஆபத்தாக இருந்தது. அத்தகைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் 'உயிருக்குப் பயந்து இறங்கவில்லை' என்று கூறுவதாகக் கொள்வோம். இத்தொடர் காரணத்தைக் கூறுகிறது, குணத்தைக் கூறவில்லை. இதனைக் 'கோழைத்தனத்தால் இறங்கவில்லை' எனும் பொருளில் பெயர்த்தால், ஆபத்தை அறிந்தவரின் கூற்று தம்மைத் தாமே இழித்துரைக்கும் வாக்குமூலமாகிவிடும். அச்சத்தை அச்சமாகவே பெயர்ப்பதும், தீர்ப்பு மூலத்தில் உள்ள இடத்தில் மட்டும் 'கோழை' என்பதை ஆள்வதும் முறையாகும்.