ஒற்றை அறைக்கு எவ்வளவு வாடகை கேட்கலாம்?

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு 300 சதுர அடியில் ஒரு ஸ்டூடியோ ஃபிளாட் இருக்கிறது. குடியிருக்கும் தம்பி 8,000 ரூபாய் தருகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கணும். "நியாயமா எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றுவிட்டார். மாட்டிக்கொண்டேன்.

தமிழ்நாட்டின் 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகைக்கு ஒரு கணக்கு இருந்தது. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் போகக் கட்டடச் செலவு, வசதிகள் எல்லாம் கூட்டி, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு அதில் 9 சதவீதம். போட்டுப் பார்த்தேன். என் பங்கு மனை 150 சதுர அடி, அடிக்கு 12,000 என்றால் 18 லட்சம். கட்டடம் 6 லட்சம். 24 லட்சத்துக்கு 9 சதவீதம் 2,16,000. மாதம் 18,000! வாடகைதாரரைக் காக்க வந்த சட்டம், மனை விலை ஏறினதும் அவரையே விரட்டும் போலிருக்கு. வீட்டுக்காரர்களே நியாய வாடகை கேட்டு மனுப் போட்டது இதனால்தான். 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாடகையை இரு தரப்பு ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது.

என் பார்வையில் கோளாறு மனையில்தான். அதன் விலையேற்றம் விற்கும்போது எனக்குத்தான் வரப்போகிறது. அதுக்கு அவர் ஏன் மாதாமாதம் கட்டணும்?

அக்கம்பக்கம் விசாரித்தேன். 600 சதுர அடி 15,000-க்குப் போகிறது. அதில் பாதி என்று 7,500 போடவும் முடியாது. வீடு சின்னதானாலும் குளியலறை, சமையல் மேடை எல்லாம் ஒன்று வேணுமே. அடிக்கணக்கில் சின்ன வீட்டுக்கு எப்போதும் கூடுதல்தான். ஒற்றை அறைகள் 9,000 வரை போகின்றன. கோடையில் லாரித் தண்ணீர்ப் பங்கை அவர் தலையில் கட்டுகிறோம் என்பதால் 500 கழித்தேன்.

8,500 என்றேன். "மெயின்டனன்ஸ் சேர்த்தா சார்?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை.