விலைக்கு வரும் மாடிப் படகு: மேலே பார்க்கும் முன் கீழே பாருங்கள்!

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டால் ஹைதராபாத், செகந்தராபாத் தமிழர் வீடுகளில் நிகழ்ச்சி நிரல் அநேகமாக ஒன்றுதான். காலையில் சார்மினார், சாலார்ஜங் மியூசியம்; பிற்பகலில் பிர்லா மந்திர்; சாயங்காலம் லும்பினி பூங்கா. அங்கே டிக்கெட் எடுத்து, ஹுசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் புத்தரைப் பார்க்க லாஞ்சில் ஏறுகிறார்கள். மாடி வைத்த லாஞ்சாக இருந்துவிட்டால் போதும், குழந்தைகள் மட்டுமென்ன, முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் கீழே உட்கார மறுக்கிறார்கள். எல்லோருக்கும் மாடிதான் வேண்டும்.

இந்த மாடி மோகம் பணக்காரர்களையும் விட்டு வைக்கவில்லை. "நாற்பது அடி நீளம், இரட்டை டீசல் இன்ஜின், படுக்கை அறைகள், ஃப்ளைபிரிட்ஜ் உண்டு" என்கிற ரீதியில் பழைய உல்லாச மோட்டார் படகுகள் விலைக்கு வருகின்றன. ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆனால் கடல் மீது ஆசை உள்ளவர்களுக்கும் அதற்கான பணம் உள்ளவர்களுக்கும் இங்கே குறைவில்லை. படகை வாங்கிக் கோவாவிலோ கொச்சியிலோ பம்பாயிலோ நிறுத்தி வைக்கலாம். சுற்றுலாத் தொழில் செய்பவராக இருந்தால் கிருஷ்ணாவும் கோதாவரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அது என்ன ஃப்ளைபிரிட்ஜ்? படகின் அறைக்கு மேலே, கூரையின் மீது, இன்னொரு தட்டு. அதில் இன்னொரு சுக்கான் சக்கரம், இன்னொரு இன்ஜின் லீவர், உட்கார சோபா. மழை வந்தால் கீழே இருந்து ஓட்டலாம். வெயில் இதமாக இருந்தால் மாடியிலிருந்து ஓட்டலாம். உயரத்திலிருந்து பார்த்தால் தண்ணீருக்கடியில் மீன் போவதும் பாறை இருப்பதும் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இந்த மாடியைப் பெரிதும் விரும்பியதற்கு அதுதான் காரணம்.

ஹைதராபாத்காரர்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி உண்டு. இத்தகைய பெரிய படகுகளை மரத்தை விட்டு ஃபைபர் கண்ணாடிக்குக் கொண்டு வந்தவர்களில் முன்னோடி ஒரு கடற்கரை ஊர்க்காரர் அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி, ஹை பாயின்ட் என்று ஓர் ஊர். மேஜை நாற்காலிக்கும் காலுறைக்கும் பெயர் போன இடம். அங்கே காலுறைத் தொழில் செய்து வந்த வில்லிஸ் ஸ்லேன் என்பவர் 1960ல் 41 அடிப் படகு ஒன்றைக் கட்டி வெள்ளோட்டம் விட்டார். ஹாட்டராஸ் என்ற பிரபல படகுக் கம்பெனி அப்படிப் பிறந்ததுதான். அந்தக் கம்பெனியின் பல வருஷத்துப் படகுகள் இன்றும் கை மாறிக் கொண்டிருக்கின்றன. ஃபைபர் உடல் எளிதில் மக்குவதில்லை. பழைய படகுச் சந்தை என்று ஒன்று இருப்பதே அதனால்தான்.

தலையாட்டி பொம்மை

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து கொள்ளும். அடி கனமாகவும் தலை லேசாகவும் இருப்பதே ரகசியம். அதே பொம்மையின் தலையில் ஒரு இரும்புக் குண்டைக் கட்டிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், கவிழ்ந்து போகும். படகு சமாசாரமும் இதுதான். இன்ஜின், டீசல் டாங்க், ஏரா என்று மீனவர்கள் சொல்லும் அடிக்கட்டை எல்லாம் கீழே இருக்கும் வரை படகு நிமிரும். மனிதர்கள் மேலே ஏற ஏற, கனமும் மேலே ஏறுகிறது. ஏறியவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அடியில் கசிந்த தண்ணீர் தேங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

முறையாகக் கணக்குப் போட்டுக் கட்டிய உல்லாசப் படகில், மாடியில் இத்தனை பேர்தான் என்று கட்டியவர்களே வரம்பு வைக்கிறார்கள். கைமாறிக் கைமாறி வந்த படகில் அந்த அறிவிப்புத் தகடு இருக்கிறதா என்று எத்தனை பேர் தேடுகிறார்கள்?

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2009ம் வருஷம் செப்டம்பர் 30ந் தேதி, தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற மாடிப் படகு பெரியார் ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களும் அதில் உண்டு. கரையில் காட்டு மிருகங்கள் தெரிந்ததும் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தப் படகு பழசு அல்ல. விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த புதுப் படகு!

2023 மே 7ந் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலி கொண்ட படகின் கதை வேறு. பழைய மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றி மாடி வைத்தது அது என்றும், அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள் என்றும் செய்திகள் வெளிவந்தன. இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். செகண்ட் ஹாண்ட் படகு வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. கட்டியபோது இல்லாத மாடி பிற்பாடு முளைத்திருந்தால், அந்தப் படகின் பழைய கணக்கு எதுவும் செல்லாது. வலை இழுக்கக் கட்டிய உடல் ஒன்று. மாடியில் ஆள் சுமக்கக் கட்டிய உடல் வேறு.

நம் பக்கத்து ஆறும் தப்பவில்லை. 2019 செப்டம்பர் 15ந் தேதி பாபிகொண்டலு மலைகளைப் பார்க்கச் சென்ற 'ராயல் வசிஷ்டா' என்ற லாஞ்ச், கோதாவரி வெள்ளத்தில் கச்சுலூரு அருகே மூழ்கியது. ஹைதராபாத்திலிருந்தும் வாரங்கலிலிருந்தும் போனவர்கள் பலர். உயிர் பிழைத்தவர்கள் 26 பேர்தான். படகை வெளியே எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காகிநாடாவைச் சேர்ந்த தர்மாடி சத்யம் என்பவரின் குழுவினர் கயிறும் கொக்கியும் கொண்டு இழுத்து அக்டோபர் 22ந் தேதி கரை சேர்த்தார்கள்.

ஏரிக்கடியில் இரண்டே முக்கால் வருஷம்

தண்ணீர் மீது கனத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. ஹுசேன் சாகர் இப்ராஹிம் குதுப்ஷா காலத்தில், 1562ல், ஹுசேன் ஷா வலி மேற்பார்வையில் வெட்டப்பட்ட ஏரி. அதிகபட்ச ஆழம் முப்பதடிக்குச் சற்று மேல். கடலோடு ஒப்பிட்டால் குட்டைதான்.

என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையைப் பார்த்து வந்து, இங்கே ஏரி நடுவே புத்தர் சிலை வைக்கத் தீர்மானித்தார். புவனகிரி அருகே ராயகிரியில் ஒரே கல்லில் சிலை உருவாயிற்று. சுமார் 58 அடி உயரம், 350 டன் எடை. தலைமைச் சிற்பி தமிழகத்தைச் சேர்ந்த எஸ்.எம். கணபதி ஸ்தபதி. ராயகிரியிலிருந்து ஏரிக்கரை வரை பல சக்கர டிரெய்லரில் ரோடு வழியாகச் சிலை பத்திரமாகவே வந்து சேர்ந்தது.

1990 மார்ச் 10ந் தேதி சிலையை மிதவையில் ஏற்றினார்கள். கரையை விட்டுச் சிறிது தூரம் போவதற்குள் மிதவை நிலை தடுமாறியது. சிலை ஏரியில் விழுந்தது. உடன் சென்றவர்களில் பலர் உயிரிழந்தார்கள். 1992 டிசம்பர் 1ந் தேதிதான் சிலையைத் தூக்கிப் பீடத்தில் நிறுத்த முடிந்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் வருஷம் புத்தர் சேற்றில் படுத்திருந்தார். சிலைக்குச் சேதம் இல்லை. இன்று மாடியில் இடம் பிடிக்க ஓடுகிறவர்கள், அந்த நாளில் நகரமே டாங்க் பண்டில் திரண்டு நின்றதை அறிந்திருக்க நியாயமில்லை.

தேங்காய் தட்டுவது போல்

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவர் பழைய மாடிப் படகு வாங்கத்தான் போகிறார் என்றால் எதைப் பார்க்க வேண்டும்? விற்பவர் முதலில் மாடிக்குத்தான் கூட்டிப் போவார். அங்கே குளிர்பானமும் கிடைக்கும். வாங்குகிறவர் கீழே இருந்து தொடங்குவது நல்லது.

படகைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கிப் பார்க்காமல் விலை பேசுவது, பெண்ணைப் பார்க்காமல் நிச்சயதார்த்தம் செய்வது மாதிரி. தூக்கும் கூலி கொஞ்சம் ஆகும். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அடிப்பக்கத்தில் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள் இருந்தால் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சிறு சுத்தியலால் தட்டிக் கொண்டே போக வேண்டும். நல்ல தேங்காய் போல 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நம் தமிழ்க் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அங்கே போய் எந்த மீனவரைக் கேட்டாலும் இந்தத் தட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுப்பார்.

மாடிக்கு என்று ஒரு தனி நோய் உண்டு. கம்பி, நாற்காலி, கண்ணாடி என்று எத்தனை போல்ட் மேல்தட்டில் இறங்கியிருக்கிறதோ, மழைத் தண்ணீருக்கு அத்தனை வாசல். பல படகுகளில் மேல்தட்டு வெறும் ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரப்பலகை. தண்ணீர் போனால் பலகை மக்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். காலை வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். கீழ் அறையின் கூரையில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்ஜினை விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் சந்தேகப்படலாம். கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கக் கூடாது. குளிர்ந்த டீசல் இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் இன்ஜின் திணறுகிறது. உப்புத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜினில் தண்ணீர்ப் பம்பும் புகைக் குழாய் வளைவும் முதலில் அரித்துப் போகும். பிறகு வெள்ளோட்டம், முழு வேகத்தில், கீழ்ச் சுக்கானிலும் மேல் சுக்கானிலும். அப்போது சர்வேயர் இன்னொன்றும் செய்வது உத்தமம்: நின்ற படகில், வரம்புக்குட்பட்ட ஆட்களை மாடியில் ஒரு பக்கமாக நிற்க வைத்து, எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்று பார்ப்பது. சோம்பலாக நிமிரும் படகை வாங்காமல் திரும்பி வருவதே மேல்.

டீசல் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. இரண்டு பெரிய இன்ஜின் வைத்த நாற்பது அடிப் படகு, வேகமாகப் போனால் மணிக்கு நூறு லிட்டர் குடிப்பது சாதாரணம்.

காகிதங்கள்

நதியிலும் ஏரியிலும் ஓட்டுவதற்கு 1917ம் வருஷச் சட்டம் போய், 2021ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. பதிவு, சர்வே சான்றிதழ், இன்ஷூரன்ஸ் இவை வேண்டும். ஒரு மாநிலத்தில் முறைப்படி பெற்ற சான்று நாடு முழுதும் செல்லும் என்பது புதுச் சட்டத்தின் சௌகரியம்.

வெளிநாட்டுப் படகு என்றால் இன்னொரு வில்லங்கம். கடல் சட்டத்தில் சிப்பந்திகளின் சம்பளப் பாக்கி, முதலாளியை விட்டுவிட்டுப் படகைத்தான் பிடித்துக் கொள்ளும். 'இண்டியன் எம்ப்ரஸ்' என்ற 95 மீட்டர் உல்லாசக் கப்பல், சிப்பந்திகளின் சம்பளப் பாக்கிக்காக 2018ல் மால்டா தீவில் பிடித்து வைக்கப்பட்டது. கோர்ட் ஏலத்தில் முதலில் எடுத்தவர் பணம் கட்டவில்லை. மறுபடி ஏலம் போய், மூன்றரைக் கோடி யூரோவுக்கு விற்றது. நாற்பது அடிப் படகிலும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: சாரங்குக்குச் சம்பளம் தீர்ந்ததா? துறைமுக வாடகை கட்டியாயிற்றா?

ஹைதராபாத்துக்கே கொண்டு வந்து, ஹுசேன் சாகரிலேயே விட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால்? இத்தகைய படகின் அகலமே 13, 14 அடி. ரோடில் போகும் வண்டிக்குச் சட்டம் அனுமதிப்பது 2.6 மீட்டர். தனி அனுமதி வாங்க வேண்டும். வழியில் மின்சார ரயில் பாதை குறுக்கிடும் கேட்டுகளில் இருபுறமும் உயரத் தடுப்பு நிற்கிறது. சாதாரணமாக அதனடியில் ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரமே கிடைக்கும், மேலே 25,000 வோல்ட் கம்பி. டிரெய்லர் மீது ஏறிய மாடிப் படகு அதில் நுழையாது. மாடியை போல்ட் கழற்றித் தனி லாரியில் ஏற்றி, ஏரிக்கரையில் மறுபடி பூட்ட வேண்டும். பூட்டிய இடத்தில் ஒழுகாமல் இருக்க வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்த படகு மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் கிளம்பினால், ஏரி ஐந்தாறு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.