அத்தானிடம் கேட்டாயா, அக்கா?

பூதப்பாண்டியில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போனதும் போகாததுமாக அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏ பிள்ளே, அவியளுக்கு மூச்சுக்கு மிஷின் வைக்கணுமா, யோசிச்சுச் சொல்லுங்கண்ணு டாக்டர் சொல்லிட்டாரு. வச்சா பொறவு எடுக்கவே முடியாதுங்கா மைனி. வைக்காட்டா மூச்சு முட்டியில்லா போயிருவாவன்னு மவன் அழுகான். நான் என்னத்தைச் சொல்ல?"

"அத்தானிட்ட கேட்டியாக்கா?"

"அவியட்ட எப்பிடிக் கேக்கது? மனசு ஒடிஞ்சிராதா?"

அத்தானுக்கு ஏ.எல்.எஸ். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போகும் வியாதி. கை, கால், நாக்கு, தொண்டை என்று போய், கடைசியில் மூச்சை இழுக்கும் தசையில் வந்து நிற்கும். பூரணமாகக் குணப்படுத்த இன்றுவரை மருந்தில்லை. ஆனால் காதும் கண்ணும் கெடுவதில்லை. பெரும்பாலோருக்குப் புத்தியும் தெளிவாகவே இருக்கும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்த அத்தானுக்கு எங்கள் பேச்சு கேட்காமலா இருந்திருக்கும்?

சகோதரிகளே, மைனி சொன்னதும் சரியில்லை, மகன் பயந்ததும் முழுக்கச் சரியில்லை.

'மிஷின்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு. ஒன்று பைபாப். முகமூடிபோல மாட்டுவது, ராத்திரி மாட்டிக் காலையில் கழற்றி வைக்கலாம். எழும்போதே தலைவலி, மல்லாந்து படுக்க முடியாமை, பகலில் தூங்கி விழுவது எல்லாம் மூச்சுத் தசை தளர்வதன் அடையாளங்கள். அப்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தொண்டைத் தசைகள் அதிகம் கெடாதவர்களுக்கு இந்தக் கருவி இடைநிலைக் கணக்கில் 205 நாள் ஆயுளைக் கூட்டியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூச்சு முட்டுகிறதே என்று நாமாக ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கக் கூடாது. இவர்களுக்குக் குறைவது காற்றை இழுத்துவிடும் பலம். வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி, ஆளை மயக்கத்தில் தள்ளிவிடலாம்.

மற்றது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து வென்டிலேட்டரில் பொருத்துவது. ஆயுள் வருஷக் கணக்கில் கூடலாம், வியாதி நிற்காது. இரவும் பகலும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருத்தர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த ஒருத்தர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1963-ல், 21 வயதில், அவருக்கு இந்த வியாதி என்று தெரிந்தது. 1985-ல் ஜெனீவா போன இடத்தில் நிமோனியா வந்து, நினைவில்லாமல் கருவியில் கிடந்தார். நிறுத்திவிடலாமா என்று டாக்டர்கள் மனைவி ஜேனிடம் கேட்டார்கள். கூடாது என்றார் ஜேன். கழுத்தில் துளையிட்டதும் பேச்சு போயிற்று. ஆனால் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வெளிவந்தது அதற்குப் பிறகு, 1988-ல். 2018 வரை, 76 வயது வரை இருந்தார். உதாரணம் காட்டுகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்: அவருக்கு வியாதி அபூர்வமாக மெதுவாய் நடந்தது, இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் வைத்துக்கொள்ள ஓர் அமெரிக்க அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஜப்பானில் 2019-ல் யசுஹிகோ ஃபுனாகோ என்ற ஏ.எல்.எஸ். நோயாளி வென்டிலேட்டரோடு பார்லிமெண்டுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கேயும் பராமரிப்புச் செலவில் அரசு கைகொடுக்கிறது.

எடுக்க முடியாது என்றாளே மைனி, அதற்கு வருகிறேன். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒருவர் இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதி, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கி வைக்கலாம். மனம் மாறினால் ரத்தும் செய்யலாம். தீராத நிலையில், வைத்த கருவியை எடுக்கவும் வழியுண்டு. இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

கருவி வேண்டாம் என்றால் திணறித்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மார்ஃபினை அளவறிந்து கொடுத்து மூச்சுத் திணறலைத் தணிக்கத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நமக்குப் பெரிய வியாதி என்றால் இன்றும் திருவனந்தபுரம்தானே! அங்கே டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா இந்த வேலைக்கென்றே இருக்கிறது. இங்கே அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வந்து நோய் தணிக்கும் சிகிச்சை உண்டு.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி முடித்துக் கூடத்துக்கு வந்தோம். பேத்தியின் அட்டையில் உயிரெழுத்தை ஒரு வரியாகவும் மெய்யெழுத்தை மூன்று வரியாகவும் எழுதினேன். முதலில் வரியைக் காட்ட வேண்டும், பிறகு எழுத்தை. சரியென்றால் புருவத்தைத் தூக்குவார். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முகமூடி என்றதும் புருவம் உடனே உயர்ந்தது. கழுத்துக் குழாய் என்றதும் அட்டையைப் பார்த்தார். க... ற...

"கறண்டா?" என்றாள் அக்கா.

ஆமாம். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ரப்பரும் வாழையும் மின்கம்பமும் ஒன்றாய்ச் சாய்ந்து, ஜில்லாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யார் மறப்பார்கள்? இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதன் பிறகு கையால் பையை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தான் மறுபடி அட்டையைப் பார்த்தார். உ... ற... க...

அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எனக்க உறக்கமா? இதையா இவ்வளவு நாளா நெனைச்சிட்டிருக்கிய?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்க உறக்கத்தை நான் பாத்துக்கிடுவேன். ஒங்களுக்கு வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

அத்தான் வெகுநேரம் அட்டையைப் பார்த்தார். ய் என்ற எழுத்துக்குப் புருவம் உயர்ந்தது, அடுத்து ஓ.

"யோசிக்கணுமா? சரி, யோசிங்க. நாளைக்கு முகமூடிக்கு மட்டும் டாக்டரிட்ட சொல்லிருகேன்" என்று அக்கா எழுந்து உலை வைக்கப் போனாள்.